ஏறுவார் இல்லாத பனை

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் பெருஞ்சாலையில், தியாகதுருகம் வந்துவிட்டது என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. மலை தானே எழுந்து நின்று சொல்லிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையினரும் மாறி மாறி வந்து மோதிய கோட்டை அதன் உச்சியில் இருக்கிறது. கோட்டையைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்கள் உண்டு. படம் பிடித்த நம்மவர்களும் உண்டு. அதன் அடிவாரத்தைச் சுற்றி, ஏரிக்கரைகளிலும் மானாவாரிக் கொல்லைகளின் வரப்புகளிலும் ஒற்றைக் காலில் நிற்கும் பனைகளைத் திரும்பிப் பார்க்கிறவர்கள்தாம் குறைவு. அவற்றில் பல மரங்களில் வருஷக்கணக்காக மனிதன் கால் படவில்லை. காய்ந்த மட்டைகள் தாடி போலக் கழுத்தைச் சுற்றித் தொங்குவதைக் கொண்டே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜனங்களைச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கரும்பிலிருந்து என்றுதான் பதில் வரும். வேறு பதில் வர நியாயமும் இல்லை. மூங்கில்துறைப்பட்டில் ஒன்றும் கச்சிராயபாளையத்தில் ஒன்றுமாக இரண்டு கூட்டுறவு ஆலைகள் இங்கே கரும்பு அரைக்கின்றன. சர்க்கரை மரத்திலிருந்தும் வரும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதி. பேரப்பிள்ளைகளுக்கு அது கதை.

மரத்துச் சர்க்கரையைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற ஒரு தேசம் உண்டு. அது கனடா. அந்நாட்டுக் கொடியில் 1965ஆம் வருஷம் முதல் செந்நிறத்தில் இருக்கும் இலை மேப்பிள் என்னும் மரத்தின் இலை. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் சீசாக்களில் தேன் நிறத்தில் ஒரு பாகு இருக்கும். அதுதான் மேப்பிள் பாகு. உலகில் உண்டாகும் மேப்பிள் பாகில் சுமார் நூற்றுக்கு எழுபது பங்கு கியூபெக் என்ற ஒரே மாகாணத்தில் உண்டாகிறது.

அதை எடுக்கும் முறை எளியது. குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும் சமயத்தில், இரவில் தண்ணீர் உறையும், பகலில் உருகும். இந்த உறைதலுக்கும் உருகுதலுக்கும் நடுவே மரத்தின் உள்ளே அழுத்தம் ஏறி, இறங்கி, சாறு நகருகிறது. அப்பொழுது அடிமரத்தில், மனிதன் நின்றபடியே கை எட்டும் உயரத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு துளை போடுகிறார்கள். இரண்டு அங்குல ஆழத்துக்குள்தான் இருக்கும். அதில் ஒரு சிறு மூக்கைச் செருகிவிட்டால், பருவம் முடியும் வரை சாறு வடிந்துகொண்டேயிருக்கும். முன்பு வாளி கட்டித் தொங்கவிட்டார்கள். இப்பொழுது காடு முழுவதும் பிளாஸ்டிக் குழாய் ஓடவிட்டு, ஒரே கொட்டகைக்குச் சாற்றை உறிஞ்சிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தச் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும்.

இந்த வித்தையை வெள்ளையருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்நாட்டு ஆதிக்குடிகள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் மரத்தைப் பேணும் சாஸ்திரமும் வளர்ந்தது. அடிமரம் பத்துப் பன்னிரண்டு அங்குல விட்டம் பெறுமுன் துளையிடலாகாது. அதற்குச் சுமார் நாற்பது வருஷம் ஆகும். சென்ற வருஷம் துளையிட்ட இடத்தில் இவ்வருஷம் இடலாகாது. பழைய புண்ணை மரம் புது மரத்தால் மூடிக்கொள்ளும்; அதற்கு அவகாசம் தர வேண்டும். இப்படிப் பேணினால் ஒரே மரம் மூன்று தலைமுறைக்குச் சாறு தரும்.

இனி நம் பனைக்கு வருவோம். பனையின் அடிமரத்தில் துளையிட்டால் ஒன்றும் வராது. ஆறாத புண்தான் மிஞ்சும். புல்லின் இனத்தோடு உறவுடைய மரம் அது. மேப்பிளைப்போல் புண்ணைச் சுற்றிப் புது மரம் வளர்த்து மூடிக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை. அது தன் சர்க்கரையைப் பூவுக்கென்று உச்சிக்கு அனுப்புகிறது. ஆகவே பூம்பாளையிடம்தான் போய்க் கேட்க வேண்டும். பாளை இருப்பதோ ஐம்பது, அறுபது அடி உயரத்தில்.

மேலே போய் வெட்டிவிட்டு வந்தால் போதுமா? போதாது. பாளை வெளிவந்ததும் அதை மரக்கடிப்பால் பதமாக நசுக்கிக் கட்ட வேண்டும். ஆண்பனைக்கு ஒருவிதக் கடிப்பு, பெண்பனைக்கு வேறுவிதம். ஆண்பனையை அலகுப் பனை என்றும், பெண்பனையைப் பருவப் பனை என்றும் தொழிலாளர் வழங்குவார்கள். இரண்டிலும் சாறு உண்டு. சில நாள் இப்படிப் பழக்கிய பிறகு, பாளையின் நுனியை மெல்லிய ஏடு போலச் சீவிக் கலயம் கட்டுவார்கள். காலையில் ஒரு சீவல். மாலையில் ஒரு சீவல். ஒருநாள் தவறினால் சீவிய முகம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மேப்பிள்காரன் ஒரு துளை போட்டுவிட்டு வீட்டில் குளிர் காயலாம். பனையேறிக்கு மாசி, பங்குனி தொடங்கி ஆனி வரையில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

தியாகதுருகத்துக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரையில் பனையேறும் முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றி விசாரித்தோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும். இடுப்பில் பெட்டியும், அதில் பாளை அரிவாளும், காலில் தளையுமாக நின்றார்.

"ஏன் பெரியவரே, உடம்பு முடியாத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"நாளைக்கு வரேன்னு மரத்துகிட்டச் சொல்ல முடியுமா, சார்? ஒரு நா சீவலைன்னா பாளை கோவிச்சுக்கும். அப்புறம் பத்து நா கெஞ்சினாலும் கொடுக்காது" என்றார்.

முப்பது மரம் ஏறுவதாகச் சொன்னார். வகுப்பில் கணக்குப் போட்டுப் பழகிய புத்தி சும்மா இருக்குமா? மரம் ஐம்பதடி என்று வைத்துக்கொள்வோம். முப்பது மரம், நாளைக்கு இருமுறை. மூவாயிரம் அடி ஆகிறது! மேற்கே நீல நிறமாகத் தெரியும் கல்வராயன் மலையின் உயரம் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பருவம் முழுவதும் தினந்தோறும் ஒரு கல்வராயன் மலையை ஏறி இறங்குகிறார். அதுவும் கைப்பிடி இல்லாமல், கையில் அரிவாளோடு.

"பிள்ளைகள் ஏறுகிறார்களா?"

"பெரியவன் மெட்ராஸ்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான். சின்னவன் லாரி ஓட்டறான். நானே ஏற வேணாம்னுட்டேன் சார். பனையேறிக்குப் பொண்ணு யார் கொடுக்கறாங்க?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தச் சர்க்கார் இலாகாவிலும் பதில் இல்லை.

*சுண்ணாம்பின் மகிமை*

கனடாவில் சாறு வடியும் காலம் குளிர்காலத்தின் வால். ஆகவே சாறு இயற்கையாகவே கெடாமல் இருக்கும். நம் பனையோ கோடை வெயிலில்தான் சுரக்கிறது. அத்துடன் இச்சாற்றில் சர்க்கரை நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு இருக்கிறது. மேப்பிளைப்போல் ஐந்து ஆறு மடங்கு. இவ்வளவு இனிப்பும் இவ்வளவு வெயிலும் சேர்ந்தால் காற்றிலுள்ள நுண்கிருமிகளுக்குக் கல்யாணம்தான். சில மணி நேரத்தில் சாறு பொங்கிப் புளித்துவிடும். அதைத் தடுக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் அக்கிருமிகள் பெருக மாட்டா. தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள். அதே மரம், அதே பாளை, அதே அரிவாள். நடுவே ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு!

பனைத் தொழிலின் சரித்திரம் முழுவதும் இந்தச் சுண்ணாம்புக் கோட்டின் இருபுறமும் தடுமாறிய சரித்திரமே. 1937ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில் தொடங்கியது. கள்ளக்குறிச்சி அப்பொழுது தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. ஆகவே கல்வராயன் மலைக்கு மேற்கே கள்ளுக்கடை மூடப்பட்டது, கிழக்கே திறந்திருந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. வேலையிழந்த பனையேறிகளைக் கொண்டு வெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன, 1987 ஜனவரி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. கள்ளுக்கு அந்தத் தடை இன்றும் இருக்கிறது. ஆனால் சர்க்காரே நடத்தும் கடைகளில் ஆலை மது சீசா சீசாவாக விற்கிறது. அண்டை மாநிலமான கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்குத் தடை இல்லை.

கள்ளை மறுபடி திறக்க வேண்டும் என்று கேட்கும் தொழிலாளர்கள் விழுப்புரம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். விக்கிரவாண்டிப் பக்கத்துப் பூரிகுடிசையும் நரசிங்கனூரும் இத்தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். அக்கட்சியில் நாம் இல்லை. ஆனால் அவர்களுடைய கோபம் நமக்குப் புரிகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கணவனையும் மனைவியையும் ஒரே நாளில் இழந்த வீடுகள் உண்டு. அந்தச் சில நாட்களில் இந்த ஜில்லாவில் இருந்தவர்கள் எவரும் மதுவைப் பற்றி விளையாட்டாகப் பேச மாட்டார்கள். கூலிக்காரனின் உடல் நோவுக்கும் மனநோவுக்கும் மலிவாக ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அவனுக்கு விஷம் சுலபமாகக் கிடைக்கிறது. காலைப் பதநீர்தான் கிடைக்கவில்லை. பதநீர் இறக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் மரத்திலிருந்து இறங்குகிறவனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் ஊரில் நிலைத்துவிட்டது. "கலயத்தை மோந்து பார்க்காமப் போற ஆளே கிடையாது சார்" என்று அந்த முதியவரும் சொன்னார்.

*பாகு திரளும் நேரம்*

பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஏறுகிறவனைப் பற்றிப் பாடுகிறவர்கள், காய்ச்சுகிறவளை மறந்துவிடுகிறார்கள். காலை வெயில் ஏறுமுன் அடுப்பு மூட்டினால், பங்குனி, சித்திரை வெப்பத்தில் பல மணி நேரம் அந்த அனல் முன்னே நிற்க வேண்டும். பனை மட்டையும் ஓலையுமே விறகு. நுரை பொங்கி வழியும்போது நசுக்கிய ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போடுவார்கள், நுரை அடங்கிவிடும். நுரை அடங்கி, கொதி கனத்து, துடுப்பில் பாகு ஒட்டும் நிலை வந்ததும், ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டால் பதம். உடனே இறக்கிக் கொட்டாங்கச்சிகளில் வார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் கட்டாது. ஒரு நிமிஷம் பிந்தினால் கருகிவிடும். கனடாக்காரர்கள் வெப்பமானி வைத்து, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நான்கு டிகிரி ஏறியதும் பாகை இறக்குகிறார்கள். நம் பெண்மணிக்கு விரல் நுனியே வெப்பமானி.

பனங்கற்கண்டு இன்னும் பொறுமையான காரியம். பாகை வேறு பதத்தில் இறக்கி, பானையில் நூல் கட்டித் தொங்கவிட்டு, நாற்பது நாளுக்கு மேல் அசையாமல் வைத்திருந்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு விளையும்.

எட்டு லிட்டர் பதநீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. ஒரு மரம் பருவத்துக்குச் சராசரி நூற்றைம்பது லிட்டர் தரும் என்பது கணக்கு. அதாவது தண்ணீர் பாய்ச்சாமல், உரமிடாமல், வரப்பில் நிற்கும் ஒரே மரத்திலிருந்து பதினெட்டு, பத்தொன்பது கிலோ வெல்லம். கரும்போ பத்துப் பன்னிரண்டு மாதம் நன்செய்யில் நின்று தண்ணீர் குடிக்கும். நல்ல நிலத்தை நெல்லுக்கு விட்டுவிட்டு, வறண்ட நிலத்துப் பனையிடம் சர்க்கரையை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் மகாத்மா காந்தியின் யோசனை. 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பனைவெல்லத்தையும் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அச்சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர்; மதுரை ஜில்லாக் கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்தவர்.

விசித்திரம் என்னவென்றால், இதே எண்ணம் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் உதித்திருக்கிறது. கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைந்த காலம் அது. பெஞ்சமின் ரஷ் என்ற வைத்தியர், மேப்பிள் சர்க்கரையை உண்டால் அடிமைகளின் இரத்தம் கலந்த சர்க்கரை வேண்டியதில்லை என்று ஜெபர்ஸனுக்கு எழுதினார். ஜெபர்ஸனும் 1791இல் தம் தோட்டத்தில் மேப்பிள் கன்றுகளை நட்டார். அவருடைய ஊரின் மண்ணும் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் தோட்டம் தேறவில்லை. அவர் தாமே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே சரித்திரம் சொல்கிறது.

*விதையும் விலையும்*

பனை தமிழ்நாட்டின் அரசு மரம். சேர மன்னர்கள் சூடிய மாலை அதன் பூ. நம் நூல்களெல்லாம் வாழ்ந்தது அதன் ஓலையில். இந்த மரியாதையெல்லாம் செங்கற்சூளைக்காரனைத் தடுக்கவில்லை. சூளை விறகுக்காக வெட்டுண்ட பனைகளுக்கு அளவில்லை. 2021ஆம் வருஷத்து வேளாண் வரவு செலவுத் திட்டத்தில், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவித்தார்கள். எழுபத்தாறு லட்சம் பனை விதைகள் கொடுப்பதாகவும், ரேஷன் கடைகளில் பனைவெல்லம் விற்பதாகவும் சொன்னார்கள். 2023இல் கடலோர ஜில்லாக்களில் ஒரு கோடி விதை நடும் இயக்கம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஏரிக்கரைகளில் விதை நடுகிறார்கள். நல்ல காரியந்தான். (நட்ட மூன்று மாதத்தில் கிழங்குக்காகத் தோண்டாமல் விட்டால் இன்னும் நல்லது.)

ஆனால் இன்று நட்ட விதை பாளை தள்ளப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். அதற்குள் ஏறத் தெரிந்தவர்கள் எங்கே இருப்பார்கள்? மரத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. விதைக்கு இயக்கம் இருக்கிறது. பாளை எந்த நாளில் நசுக்கப் பதம், எவ்வளவு மென்மையாகச் சீவ வேண்டும் என்ற ஞானம் புத்தகத்தில் இல்லை. அறுபது வயதுக் கைகளில் இருக்கிறது. பனை ஏற நல்ல கருவி கண்டுபிடிப்போருக்குப் பரிசு என்றும் சர்க்கார் அறிவித்ததுண்டு. கருவி ஏற்றிவிடும், சீவக் கற்றுக்கொடுக்காது.

இளைஞன் ஏற வர வேண்டுமானால், மரத்தடியில் அவனுக்கு விலை நிச்சயமாக இருக்க வேண்டும். இங்கேதான் கியூபெக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அங்கே உற்பத்தியாளர்கள் ஒரே சங்கமாகச் சேர்ந்து, நல்ல வருஷத்தில் மிஞ்சும் பாகைப் பீப்பாய்களில் சேமித்து வைக்கிறார்கள். விளைச்சல் குறைந்த வருஷத்தில் அதை எடுத்து விற்கிறார்கள். 2021இல் மட்டும் சுமார் ஐந்து கோடி ராத்தல் பாகைச் சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சேமிப்பின் மதிப்பு எத்தகையது என்றால், 2011, 2012ஆம் வருஷங்களில் திருடர்கள் பீப்பாய்களிலிருந்து பாகை இறைத்துவிட்டுத் தண்ணீரை நிரப்பி, ஏறக்குறைய மூவாயிரம் டன்னைக் கொண்டுபோய்விட்டார்கள்! ஒரு கோடியே எண்பது லட்சம் கனடா டாலர் என்று மதிப்பிட்டார்கள். நம் கருப்பட்டியைத் திருட அத்தனை பிரயாசைப்பட எவனும் இல்லை என்பதே அதன் நிலைமையைச் சொல்லிவிடும்.

நம்மிடம் நடப்பது என்ன? தென்பாண்டிச் சீமையில் பருவத்துக்கு முன்பே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுகிறான்; சரக்கு மலிந்திருக்கும்போது அவன் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறான்; ஐப்பசி மழையில் விலை ஏறும்போது சரக்கு அவன் கிடங்கில் இருக்கிறது. ஏறியவனுக்கும் காய்ச்சியவளுக்கும் அந்த ஏற்றத்தில் பங்கில்லை. போதாக்குறைக்குச் சீனிப்பாகைக் காய்ச்சி நிறமேற்றிக் கருப்பட்டி என்று விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். எட்டு லிட்டர் பதநீரும், அதை இறக்கிய கையும், காய்ச்சிய விறகும் சேர்ந்தது ஒரு கிலோ. அது சீனியை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறதென்றால், இல்லத்தரசிகள் சந்தேகப்படத்தான் வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இந்தப் போலிகளுக்கு எதிரே ஒரு வேலி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர்கள் அதைத் தாராளமாக உண்ணலாம் என்று சிலர் செய்யும் பிரசாரம் பனைக்குச் செய்யும் உபகாரம் அன்று.

தியாகதுருகத்துக்கு வேண்டியது பெரிய ஆலை அல்ல. காலை எட்டு மணிக்குள் பஸ் நிலையத்தருகே சுத்தமான பதநீர் விற்க ஓர் இடம். விற்று மிஞ்சியதைப் பொதுவாகக் காய்ச்ச ஒரு கொட்டகை. காய்ச்சிய கருப்பட்டியை ஐப்பசி வரையில் வைத்திருக்க, ஈரம் புகாத ஓர் அறை. ஈரம் படாவிட்டால் கருப்பட்டி ஒரு வருஷம் தாங்கும். வைக்கும்போதே பாதி விலையைக் கையில் கொடுத்து, விற்ற பிறகு மீதியைக் கொடுக்கச் சங்கம் ஒன்று இருந்தால், முன்பண வியாபாரியிடம் போக வேண்டியதில்லை. அந்த முதியவரிடம் இதைச் சொன்னபோது, அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டார். நாம் கணக்குப் போட்டோம். அவருடைய முப்பது மரமும் நன்றாகக் கொடுத்தால் பருவத்துக்கு ஐந்நூற்றைம்பது கிலோ. அவரைப் போல் இருபது பேர் சேர்ந்தால் பதினோரு டன். நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை அளவு போதும் என்றோம்.

"இருபது பேருக்கு எங்க சார் போறது? இந்த ஏரிக்கு இப்ப நாங்க மூணு பேருதான்" என்றார்.